கவலை ஓட்டத் தெரியாதவன் வச்ச கடல்

வாடா பேராண்டி, உக்காரு. பாத்து வா. உன் கடல்ல இருந்து சிந்துன உப்புத் தண்ணி நடையெல்லாம் நசநசன்னு கெடக்குது. உங்க ஆத்தா நேத்து ஒருக்கா வழுக்கி, கதவப் புடிச்சுத் தப்பிச்சா. ராமேஸ்வரத்துலயே அலைக்குப் பயந்து கரையில நின்னவ, ஊட்டு நடையில கடலால விழுந்தான்னு பேரு வந்திருக்கும்.

கௌதள்ளியில கடல் வச்சிருக்கறவன் நீ ஒருத்தன்தான்னு டீக்கடையில பேச்சு. கொள்ளேகால்ல இருந்து மாதேஸ்வரன் மலைக்குப் போற சனம் நம்ம ஊர்ல டீ குடிக்க எறங்கும், காலு நோவு தீர உக்காரும். இனிமே "சமுத்திரம் எந்த ஊட்டுல?"ன்னு விசாரிச்சுக்கிட்டும் வரும். காக்கா குறுக்கால பறந்தாலும் கடலுக்கு 200 கிலோமீட்டர் சுமாருக்கு இருக்குது. ஊர்க் கொழாயில தண்ணி வர்ற நாளு பஞ்சாங்கத்துல பாத்தாலும் தெரியாது. அந்தத் தண்ணியப் புடிச்சு, மிசின்ல உட்டு, அதுல இருந்த உப்பையெல்லாம் எடுத்துப் போட்டுட்டு, பொறவு காசு குடுத்து வாங்குன உப்ப லிட்டருக்கு 35 கிராம்னு தராசுல நிறுத்து அதுலயே கொட்டிக் கலக்குன பாரு, அப்பவே எனக்கு உன் படிப்பு மேல ஒரு மரியாதை வந்துடுச்சு.

எனக்கு என்ன தெரியும், நான் காட்டான். ஒண்ணு மட்டும் தெரியும். நான் பொறந்தப்ப இந்த ஊரு மதராஸ் மாகாணம், கோயமுத்தூர் ஜில்லா, கொள்ளேகால் தாலூக்கா. 1956ல ஒரு நாள் விடிஞ்சு பாத்தா மைசூர் ராஜ்ஜியம். 1973ல அதுக்குக் கர்நாடகம்னு பேரு மாத்துனாங்க. 1997ல மைசூர் ஜில்லாவ அறுத்து எங்களச் சாமராஜநகர்ல சேத்தாங்க. அப்பறம் ஹனூர் தனித் தாலூக்கா ஆச்சு. இத்தனைக்கும் நான் இந்தத் திண்ணைய விட்டு நகரல. உன் தொட்டியில கல்லப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்குதே பவளப்பூச்சி, அதும் நானும் ஒரே இனம். நகர மாட்டோம். எங்க மேல என்ன ஓடுதோ அதுதான் எங்க பொழப்பு. அதனால அது சார்பா நாலு வார்த்தை பேசறதுக்கு எனக்குப் பாத்தியதை இருக்குது. மீனு சார்பா நீ பேசிக்க. பெங்களூருக்கும் மைசூருக்கும் நீஞ்சிக்கிட்டே இருக்கறவன் நீதானே.

சரி, விசயத்துக்கு வாரேன். நாலடித் தொட்டி, 250 லிட்டர் தண்ணி. அதுல மணிக்கு 8,000 லிட்டர் தள்ளற அலை மிசினு இந்தக் கோடியில ஒண்ணு, அந்தக் கோடியில ஒண்ணு. கணக்கு நீ போடு, என்ஜினியரு. தொட்டித் தண்ணி மணிக்கு 64 சுத்து சுத்துது. கல்லுப் பவளத்துல கொம்பு கொம்பா வளருமே, அலை ஒடையற எடமாப் பாத்துக் குடியிருக்கற ஜாதி, அதுக்கு 40, 50 சுத்து வேணும்னு தொழில் தெரிஞ்சவங்க சொல்றாங்க. உங்கிட்ட இருக்கறது என்ன? காளான் பவளம், தோல் பவளம், பொத்தான் பொத்தானாக் கல்லுல படர்ற இன்னொண்ணு. அதுங்களுக்கு 10ல இருந்து 20 சுத்துப் போதும்னு நீயே எனக்குப் படிச்சுக் காட்டுன. படிச்சுக் காட்டிட்டு, மல்லிச் செடிக்குத் தண்ணி உட தீயணைப்பு வண்டியக் கூப்புட்டிருக்கற.

"கடல்ல அலை அடிக்குமில்லீங்க அப்பாரு"ங்கற. அடிக்கும் சாமி. அடிச்சுட்டுத் திரும்பியும் போகும். உன் மிசினு திரும்பிப் போறதில்ல. ஒரே எடத்துல நின்னு, ஒரே மூஞ்சியில, ராப்பகலா அடிக்குது. அதுக்குப் பேரு அலையில்ல. வட்டிக்குக் குடுத்தவன் வாசல்ல வந்து நிக்கறது.

உனக்குக் கவலைன்னா என்ன தெரியும்? மாசக் கடைசியில வர்றதுன்னு நெனச்சுக்கிட்டு இருக்கற. எங்க காலத்துல கவலை கெணத்து மேட்டுல இருந்துச்சு. கன்னடத்துக்காரங்க கபிலெம்பாங்க. ரெண்டு எருது, ஒரு வடம், தோல் தும்பி தச்ச சால். எருது பள்ளத்துல எறங்குனா சால் மேல ஏறும். மேட்டுக்கு வந்ததும் தும்பி வழியா மொத்தத் தண்ணியும் தொபுக்குனு தொட்டியில விழும். வாய்க்கா ஒரு பாய்ச்சல் பாயும். எருது பின்னால நடந்து மேடு ஏறற நேரத்துக்கு வாய்க்கா அடங்கி, மண்ணு மூச்சு வாங்கும். மறுக்கா தொபுக். கவலை ஓட்டறவன் ஒரு பாட்டு எடுத்தான்னா அடிக்கு ஒரு சால்னு கணக்கு. எங்க பாட்டன் ஓட்டுன காலத்துல வாய்க்கா அரிச்சதுன்னு ஒரு நாளும் கேட்டதில்ல.

ஹவாய்த் தீவுல வைக்கீக்கீ மீன் காட்சிசாலைன்னு ஒண்ணு. அங்க இருந்த புரூஸ் கார்ல்சன்னு ஒருத்தரு இதே வேலைய எருது இல்லாமப் பண்ணுனாருன்னு நீதானே சொன்ன? ஒசரத்துல ஒரு பீப்பாயி. அதுல தண்ணி மெதுவா நெறையும். ஒரு மட்டத்துக்கு வந்ததும் வளைஞ்ச கொழாய் வழியா மொத்தமும் தொபுக்குனு பவளத் தொட்டிக்குள்ள எறங்கும். மறுபடி நெறையற வரைக்கும் அமைதி. பவளம் வளக்கறவங்க இன்னிக்கும் அவரு பேரச் சொல்லித்தான் அந்தப் பீப்பாயக் கூப்புடறாங்களாம். எங்க பாட்டன் பேரச் சொல்லி யாரும் எதையும் கூப்புடல. எருதுக்குப் பேட்டன்ட் வாங்கோணும்னு அவருக்குத் தோணல.

தள்ளி அடங்கறது எதுக்குன்னு கேளு. நீ கேக்க மாட்ட, நானே சொல்லீர்றேன். பவளம் செடியில்ல, கல்லுமில்ல, பூச்சி. ஒடம்புக்குள்ளயே பாசிக்குக் குடியிருக்க எடம் குடுத்திருக்குது. வாடகைக்குப் பதிலா அந்தப் பாசி பகல் வெளிச்சத்துல சமைச்சுப் போடுது. பொழுது எறங்குனா அடுப்பு அணைஞ்சுடும். அப்ப மூச்சுக்குக் காத்து, வாய்க்கு மிதந்து வர்ற பொடிப்பூச்சி, ரெண்டும் தண்ணிதான் கொண்டாந்து குடுக்கோணும். தோலு மேல கசியற கோழையத் தண்ணிதான் தொடைச்சு எடுத்துக்கிட்டுப் போகோணும். ஆனா தண்ணிக்குள்ள இருக்கற எந்த ஒடம்பு மேலயும் சவ்வு மாதிரி ஒரு மெல்லிசுத் தண்ணி ஒட்டிக்கிட்டு, அசையாம நிக்கும். அது தடிச்சுப் போச்சுன்னா உள்ள வர வேண்டியதும் வராது, வெளிய போக வேண்டியதும் போகாது. அதக் கலைக்கத்தான் ஓட்டம். ஒரே பக்கம் இருந்து ஊதுனா, ஊதற பக்கம் தோலு கிழியும்; முதுகுப் பக்கம் சவ்வு அப்படியே நிக்கும். உங்க ஆத்தா அரிசி அரிக்கறப்ப கையி எப்படிப் போகுதுன்னு நின்னு பாரு. ஒரு தள்ளு, ஒரு திருப்பு, ஒரு சாய்ப்பு, சித்த நிறுத்தம். ஒரே வாக்குல சுத்துனா கல்லும் அரிசியோடவே சுத்தும்.

நானும் உன் வயசுல உன்ன மாதிரித்தான். கவலை போயி மோட்டாரு வந்த புதுசு. சுவிச்சு போட்டா வாய்க்கா முட்டத் தண்ணி. பெருமை தாங்கல. ஒரு சாயங்காலம், தக்காளி நாத்து நட்டு நாலு நாள் ஆன பாத்திக்கு முழுத் தண்ணியும் திருப்பி உட்டுட்டு, சாளையில கயித்துக் கட்டலப் போட்டுப் படுத்துட்டேன். விடிஞ்சு பாத்தா மடைக்கு நேர இருந்த பாத்தியில நாத்தே இல்ல. இருந்த நாலும் வேரு வானத்தப் பாத்துக்கிட்டுக் கெடக்குது. சரி, கடைசிப் பாத்தியாச்சும் நனைஞ்சிருக்கும்னு ஓடுனேன். வெடிச்சுக் கெடக்குது. நடுவுல ஒரு வரப்பு ஒடைஞ்சு, ராத்திரி பூராத் தண்ணி இட்டேரியில ஓடிப் பள்ளத்துக்குப் போயிருக்குது. எங்கய்யன் ஒரு வார்த்தை பேசல. ஒரு மாசம் மோட்டார் ரூம் சாவிய இடுப்புல முடிஞ்சுக்கிட்டே நடந்தாரு. ஊருச் சனம் "என்னங்க, சாவி இடுப்புல தொங்குது?"ன்னு கேக்கும். "பையன் இட்டேரிக்கு வெள்ளாமை பண்றான்"ம்பாரு.

அந்த மாசம் கத்துக்கிட்டதத்தான் நேத்து உன் தொட்டிக்கு முன்னால வச்சுப் பாத்தேன். நீ குளிக்கப் போனயா, நான் முக்காலியப் போட்டு உக்காந்தேன். வாய்க்கால்ல தண்ணி போற வாக்குப் பாக்க நாங்க ஒரு கை பதர் எறிவோம். பதருக்கு எங்க போவறது, உன் மீன் தீனி டப்பாவுல இருந்து ஒரு சிட்டிகை எடுத்தேன். கோவிச்சுக்காத, விலை போட்டிருந்ததப் பாத்துட்டுப் பாதியத் திருப்பி உள்ளயே போட்டுட்டேன். மேல விழுந்த தூளு வலது மிசினு காத்துல மாட்டி, எதிர்க் கண்ணாடிக்கு ஒரே ஓட்டம். அங்க மோதிக் கீழ எறங்கி, மணலு மேலயே ஊர்ந்து, கெளம்புன மிசினுகிட்டயே வந்து சேந்துடுச்சு. செக்கு மாடு. பத்து சுத்து எண்ணுனேன், பத்தும் அதே தடம். கல்லுக் குவியலுக்குப் பின்னால ஒரு தூளு கூட எட்டிப் பாக்கல.

அங்க கைவிளக்கு அடிச்சுப் பாத்தேன். செவப்பா, வழவழன்னு, மணலுக்குப் போர்வை போத்துன மாதிரிப் பாசி. ஓரத்துல பொட்டுப் பொட்டாக் காத்துக் குமிழி. நீ அதுக்குப் போன வாரம் பூரா மருந்து தேடிக்கிட்டு இருந்த. சாக்கடை தேங்குற எடத்துல கொசு மருந்து அடிக்கறவன் வேலை அது. தேங்கறதுக்கு வழி உட்டயானா அதுவாக் கொறையும்.

பொறவு முன்னால வந்து தோல் பவளத்தப் பாத்தேன். யானைக் காதாட்ட விரிஞ்சு, மேலெல்லாம் புசுபுசுன்னு வாயி நீட்டிக்கிட்டு நிக்க வேண்டியது. மிசினுக்கு நேரா இருக்கற பாதி சுருங்கி, வாயெல்லாம் உள்ள இழுத்துக்கிட்டு மொழுமொழுன்னு இருக்குது. அந்தப் பக்கத்துப் பாதி மட்டும் பூத்திருக்குது. மலையில முடி எறக்கறப்பப் பாதித் தலையில நாவிதர எந்திரிச்சுப் போகச் சொன்ன மாதிரி. காளான் பவளம் ஓரம் சுருண்டு கிண்ணமா நிக்குது. எடது மூலையில மணலு பறிஞ்சு அடிக் கண்ணாடி தெரியுது. இத்தனை சாட்சி நேர்ல நின்னு வாக்குமூலம் குடுக்கறப்ப, நீ போனக் கையில வச்சுக்கிட்டு "ஃப்ளோ நல்லாருக்குது அப்பாரு, கிராஃப் பாருங்க"ங்கற. கிராஃபு நல்லாத்தான் இருக்குது. பவளம்தான் பாவம், அதுக்குப் படிக்கத் தெரியல.

மீனு கதையும் கேளு. உன் கோமாளி மீனு ரெண்டும் மேல் மூலையில, தண்ணி வழியற சீப்புக்கிட்ட ஒண்டிக்கிட்டு, படியில தொங்கிக்கிட்டுப் போற பஸ்ஸுச் சனமாட்ட வாலை வாலை ஆட்டிக்கிட்டு நிக்குதுங்க. செவுளு படபடங்குது. நீ போடற தீனி அதுங்க மூக்குக்கு முன்னால பறந்து, சீப்பு வழியா அடித் தொட்டிக்குப் போயிடுது. அடித் தொட்டிக்குத் தீனி போட்டு மீனு கொழுத்ததா எங்கயும் சரித்திரமில்ல. சோறு போடறப்பப் பத்து நிமிசம் அலை மிசின நிறுத்துடா. சாப்படற எலைக்கு மேல ஃபேன் சுத்துனா நீயே கத்தறயில்ல?

ஓட்டமே மீனுக்கு ஆகாதுன்னு நான் சொல்லல. நம்ம காவேரியில, சிவசமுத்திரத்துக்குக் கீழ, மேகதாட்டுப் பக்கம் மகசீர்னு ஒரு மீனு. முதுகு திமிலாட்ட மேடு தட்டி இருக்கும், 50 கிலோவுக்கு மேலயும் வளரும். உலகம் பூரா அதத் தூண்டில்ல புடிக்கறவன் வந்து போயிட்டு இருந்தான். ஆனா அதுக்குச் சரியான விஞ்ஞானப் பேரு இன்னதுன்னு 2018லதான் முடிவு கட்டுனாங்க. அதுக்கு இருக்கற பலத்துக்கு வெள்ளத்துக்கு எதுத்து நாள் பூரா நிக்கலாம். நிக்காது. பாறைக்குப் பின்னால இருக்கற அமைதியில சும்மா கெடக்கும். வெள்ளம் அது மூக்குக்கு முன்னால ஓடிக்கிட்டே இருக்கும். எதாச்சும் மிதந்து வந்தா ஒரே தாவு, ஒரு கவ்வு, திரும்பப் பாறைக்குப் பின்னால. வெள்ளமும் வேணும், வெள்ளமில்லாத எடமும் வேணும், ரெண்டுக்கும் நடுவுல ஒரு தாவு தூரந்தான் இருக்கோணும். அதான் மீனு கேக்கறது. வேறொண்ணும் கேக்கல.

உன் கல்லு எப்படி இருக்குது? பின் கண்ணாடியோட ஒட்டி, தாலூக்கா ஆபீஸ் மதிலாட்டக் கட்டி வச்சிருக்கற. சந்தில்ல, பொந்தில்ல. மதிலுக்கு முன்னால புயலு, பின்னால சாக்கடை. ரெண்டு குன்றாப் பிரி. நடுவுல ஒரு இட்டேரி உடு. கண்ணாடிக்கும் கல்லுக்கும் நடுவுல நாலு வெரலு போற மாதிரி எடம் உடு. அப்ப இதே தண்ணி அதே வேகத்துல வந்தாலும் கல்லுல மோதி, ஒடைஞ்சு, சுழிச்சு, சந்துல புகுந்து போகும். மீனுக்கும் பாறை முதுகு கெடைக்கும்.

"அப்பாரு, கடைசில மீனுக்குப் பாக்கறதா, பவளத்துக்குப் பாக்கறதா?"ன்னு கேட்டயில்ல. எங்க ஊரு நீர்முறையில பதில் சொல்றேன். நகர முடியாதவனுக்கு மொத மடை. மீனுக்கு வாலு இருக்குது, பத்தலைன்னா அக்கட்டால போயிக்கும். பவளத்த நீ எங்க ஒட்டுனயோ அங்கதான் அது தலையெழுத்து. அதனால ஓட்டத்தப் பவளத்துக்கு வை. ஒதுக்கு எடத்த மீனுக்கு வை.

இந்தச் சட்டத்துல ஒரு ஓட்டை இருக்குது, அதையும் சொல்லீர்றேன். போன மாசம் கடல் சாமந்தி ஒண்ணு வாங்கோணும்னு சொல்லிக்கிட்டு இருந்த. பூவாட்ட இருக்கும், கோமாளி மீனு அதுக்குள்ள புரளும்னு படம் காட்டுன. அந்தச் சாமந்தி வேரு புடிச்ச மாதிரி நடிக்கும். ஆனா அதுக்கு ஒத்தக் காலு உண்டு. ஓட்டம் புடிக்கலைன்னா ராத்திரியில ஆளு தூங்குன பொறவு மெதுவா நகந்து, வழியில அலை மிசினுக்குள்ள போயி மாட்டி, காலையில கூழா இருக்கும். அது ஒண்ணு செத்தா அந்தக் கூழே தொட்டியில மத்ததையும் கொண்டு போயிடும். வாங்கறதுன்னா மொதல்ல மிசின் வாய்க்குச் சல்லடை மாட்டு. வாங்கறதுக்கு முந்தி ஓட்டத்தச் சரி பண்ணு. நம்ம ஊர்லயும் அப்படி நாலு பேரு உண்டு. அசையவே மாட்டான்னு நெனச்சவன்தான் விடியறதுக்குள்ள பெங்களூரு போயிட்டான்.

ராமேஸ்வரம் போனப்ப தனுஷ்கோடி வரைக்கும் போனோம். 1964 டிசம்பர்ல புயலடிச்சு ஊரே போச்சே, அங்க. ஒரு பக்கம் பாக்கு நீரிணை, மறுபக்கம் மன்னார் வளைகுடா. ஒண்ணு கொளமாட்டக் கெடக்குது, இன்னொண்ணு காளையாட்டத் துள்ளுது. படகுக்காரரு ஒருத்தரு, "இது பொம்பளைக் கடல், அது ஆம்பளைக் கடல்"னாரு. என் வாயி சும்மா இருக்குமா, "எது சாமி சொன்ன பேச்சுக் கேக்கும்?"னு கேட்டேன். சிரிச்சுட்டு, "ஆறு மாசம் பொறுங்க, மாறிடும்"னாரு. நெசந்தான். தென்மேற்குக் கச்சான் அடிக்கறப்ப மன்னார்ப் பக்கம் கொதிக்கும், பாக்குப் பக்கம் தூங்கும். ஐப்பசி, கார்த்திகையில வாடை திரும்புனா பாக்குப் பக்கம் பொங்கும், மன்னார்ப் பக்கம் அடங்கும். கரையில இருக்கறவங்க நீரோட்டத்த நீவாடும்பாங்க. அந்த நீவாடு திசை மாறி மாறி வர்ற எடத்துலதான் ராமேஸ்வரத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் 21 தீவு, தீவச் சுத்திப் பவளப் பாரு. 1986ல தேசியப் பூங்கான்னு அறிவிச்சாங்க. கடலே ஆறு மாசத்துக்கு ஒருக்கா மிசினத் திருப்பி வைக்குது. உனக்கு ஆறு நிமிசத்துக்கு ஒருக்காத் திருப்பி வைக்கறதுக்கு மிசின்லயே பொத்தான் இருக்குது. நீ அத அமுக்க மாட்டேங்கற. ரெண்டு மிசினும் மாறி மாறி ஓடட்டும். ராத்திரி பாதிக்குக் கொறையட்டும்.

அந்த 21ல ரெண்டு இப்ப இல்ல. பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி, ரெண்டும் கடலுக்குள்ள போயிடுச்சு. சுண்ணாம்புக்காகப் பவளக்கல்ல வருசக்கணக்கா வெட்டி எடுத்தாங்க. அலைய ஒடைக்க ஆளில்லாமத் தீவு கரைஞ்சுது. தூத்துக்குடிப் பக்கம் வான் தீவும் தேய ஆரம்பிச்சதும், அங்க இருக்கற சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க 2015க்குப் பொறவு ஒரு வேலை பண்ணுனாங்க. தீவுக்கு முன்னால கான்கிரீட் கட்டைங்கள வரிசையாக் கடலடியில எறக்குனாங்க. சுவரில்ல, ஓட்டை போட்ட கட்டை. தண்ணி உள்ள புகுந்து வெளிய வரும். வேகம் மட்டும் ஒடையும். பொறவு மீனும் அதுல வந்து குடியேறுது, பவளமும் ஒட்டுது. நான் இப்ப உன்னயக் கல்லப் பிரிச்சு வைன்னு சொன்னதத்தான் அவங்க தீவு அளவுக்குப் பண்ணியிருக்காங்க. நான் கூலி கேக்கல.

அட, சட்டத்தச் சொல்ல மறந்துட்டேன். கல்லுப் பவளம் மேல ஆசைப்படாத. 2001லயே அது பூராவும் வனவிலங்குச் சட்டத்துல மொத அட்டவணைக்கு ஏறிடுச்சு. கடல்குதிரையுந்தான். ராத்திரியில நம்ம ராகிக் காட்டுக்குள்ள வந்து நிக்குதே ஆனை, அதும் வெரலு நகத்தளவு கல்லுப் பவளமும் சட்டத்துக்கு முன்னால ஒரே வரிசை. "சின்னத் துண்டுதாங்க அப்பாரு"ன்னு எங்கிட்டச் சொல்லலாம். காட்டிலாகாகாரங்ககிட்டச் சொல்ல முடியாது. இருக்கற காளானுக்கும் தோலுக்கும் பில்லு பத்திரமா வச்சுக்க.

இந்தப் பைத்தியம் உன்னோட ஆரம்பிச்சதில்ல, அதனால ரொம்பப் பெருமைப்படாத. 1909லயே மெரினாவுல மீன் காட்சிசாலை தொறந்தாங்க. ஆசியாவுலயே மொதல்னு பேரு. மதராஸ் மியூசியத்துல இருந்த எட்கர் தர்ஸ்டன்னு ஒரு தொரையோட யோசனை. அப்ப மதராஸ்தான் நம்ம தலைநகரம். எங்கய்யன் ஒரு வரப்புத் தகராறுக்கு ஐகோர்ட்டு வரைக்கும் போயிட்டு, கேசு தள்ளிப் போச்சுன்னதும் அதப் பாத்துட்டு வந்தாரு. கேசப் பத்தி ஊட்டுல ஒண்ணும் சொல்லல, கடல் பாம்பப் பத்தி மூணு வருசம் சொன்னாரு. பொறவு யுத்தத்துல அது மூடிக் கெடந்துச்சு. 1961ல ஜகார்த்தாவுல லீ சின் எங்னு ஒருத்தரு, கடல்ல இருந்து உசுருள்ள கல்லக் கொண்டாந்து தொட்டியில வச்சு, காத்துக் குமிழி மட்டும் உட்டு, பவளத்தையும் மீனையும் ஒண்ணா வாழ வச்சதா எழுதுனாரு. அவருகிட்ட 8,000 லிட்டர் மிசினும் இல்ல, போன்ல கிராஃபும் இல்ல. பக்கத்துல கடல் இருந்துச்சு, அது ஒரு சவுகரியந்தான்.

கரண்டுக்கு என்ன பண்ணுவ? 1902ல சிவசமுத்திரத்துல மின்சாரம் எடுத்து, நேரா கோலார் தங்கச் சொரங்கத்துக்குக் கம்பி இழுத்தாங்க. அருவி நம்ம பக்கம், வெளக்கு கோலார்ல. 100 வருசத்துக்கு மேல ஆச்சு, இன்னிக்கும் மழை தூறுனா நமக்கு மொத வேலை மெழுகுவத்தி தேடறது. அலை மிசினு நின்னா தண்ணி மேலயும் கீழயும் கலக்காது, காத்து எறங்காது. இருட்டுல பாசியும் பவளமும் மீனும் கல்லுல இருக்கற கிருமியும் எல்லாம் ஒட்டுக்கா மூச்சு வாங்கும். சில மணி நேரத்துல மீனு மேல வந்து வாயப் பொளக்கும். பேட்டரியில ஓடற காத்துப் பம்பு ஒண்ணு வாங்கி வை, விலை கம்மி. இன்வெர்ட்டர் வாங்கியிருக்கேன்னு சொல்லாத. உங்க ஆத்தா ரூம் ஃபேன் கரண்டு போனா நிக்குது, உன் தொட்டி ஓடுதுன்னு அவ கவனிச்சுட்டா. நான் பேச்ச மாத்தியிருக்கேன், ரொம்ப நாளைக்கு முடியாது.

மிசினு மூடிய மாசம் ரெண்டு தரமாச்சும் கழட்டிப் பாரு. செவப்பா சுண்ணாம்பு மாதிரி ஏறிப் போச்சுன்னா 8,000னு எழுதியிருக்கறது 4,000 கூடத் தள்ளாது. வினிகர்ல ஊறப் போட்டா உட்டுடும். உங்க ஆத்தா ஊறுகாய்க்கு வச்சிருக்கறத எடுக்காத, புதுசு வாங்கு. சரி போ, போன் அடிக்குது, உன் மேனேஜரா இருக்கும்.

போயிட்டான். இதெல்லாம் அன்னிக்கு அவங்கிட்டச் சொன்னது. சொல்லாதது ஒண்ணு உங்ககிட்டச் சொல்றேன். அன்னிக்கு ராத்திரி அவன் தூங்குன பொறவு பிளக்கப் புடுங்கிட்டுத் தொட்டிக்குள்ள கைய உட்டேன். வலது மிசின ரெண்டு வெரலு திருப்பி, எதிர் மிசினு காத்தோட மேல்மட்டத்துல மோதற மாதிரி வச்சேன். எடதக் கண்ணாடியப் பாக்க வச்சேன். பின்னால இருந்த ஒரு கல்ல ஒரு சாண் முன்னால இழுத்தேன். தோல் பவளம் ஒட்டியிருந்த கல்ல இந்தக் கோடிக்கு நகத்துனேன். உப்புத் தண்ணி முழங்கை வரைக்கும் அரிச்சுது.

மூணாம் நாள் காலையில குதிச்சுக்கிட்டு வந்தான். "அப்பாரு, வந்து பாருங்க! தோல் பவளம் முழுசா விரிஞ்சுடுச்சு. ராத்திரி ஆப்புல 'ரீஃப் மோடு'க்கு மாத்துனேன், வேலை செஞ்சுடுச்சு!" போயிப் பாத்தேன். யானைக் காதாட்ட விரிஞ்சு, புசுபுசுன்னு நிக்குது. கோமாளி மீனு ரெண்டும் முன்னால இழுத்த கல்லுக்குப் பின்னால ஒண்டிக்கிட்டு, ஒண்ணு மாத்தி ஒண்ணு வெளிய வந்து எட்டிப் பாக்குதுங்க.

"அப்படீங்களா சாமி! படிச்ச புள்ளையில்ல"னேன்.

அவங்க ஆத்தா முந்தானைய வாயில வச்சுக்கிட்டுப் பொடக்காளிப் பக்கம் திரும்பிட்டா. அன்னிக்கு ராத்திரி கைவிளக்குப் புடிச்சது அவதான்.